டி.எஸ். பாலையா: எதிரே நிற்பவரைப் பார்த்து நடித்தவர்

முதலில் கேள்வியைச் சொல்லிவிடுகிறேன். மதுரையில் கல்லூரி நாடகக் குழுவில் இருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "டி.எஸ். பாலையா என்றால் எங்கள் அப்பாவுக்கு வில்லன். அம்மாவுக்கு அவர் காமெடி அப்பா. நான் பார்த்தது திருவிளையாடலில் வரும் பாகவதரை மட்டும்தான். ஒரே ஆள் இத்தனை வேடத்துக்கும் எப்படிப் பொருந்தினார்? அந்தக் காலத்து நடிகர்கள் எல்லாரும் மதுரைக் கம்பெனி வளர்ப்பு என்கிறார்களே, அங்கே அப்படி என்னதான் சொல்லிக்கொடுத்தார்கள்? எந்தப் படத்திலிருந்து பார்க்கத் தொடங்குவது?"

அப்பா சொல்வதும் சரி, அம்மா சொல்வதும் சரி. பாலையாவை ஏதாவது ஒரு பெட்டிக்குள் போட்டு மூட முடியாது. ஆனால் அவர் நடிப்பைத் திரும்பத் திரும்பப் பார்த்ததில் எனக்கு ஒன்று பிடிபட்டிருக்கிறது. வில்லன், காமெடியன், அப்பா, பாகவதர், தவில்காரர் என்று வேடம் எதுவாக இருந்தாலும் அவர் கவனம் ஓர் இடத்தில்தான் இருக்கும். எதிரே நிற்பவன் தன்னைவிடப் பெரியவனா, சின்னவனா என்பதில். பணத்திலோ பதவியிலோ வித்தையிலோ தனக்குக் கீழே இருப்பவனிடம் ஒரு மனிதன் எப்படிப் பேசுவான், மேலே இருப்பவனிடம் எப்படிக் குழைவான், கீழே என்று நினைத்தவன் மேலே என்று தெரிந்த அந்த ஒரு நொடியில் என்ன ஆவான் என்பதைத் தமிழ்த் திரையில் அவர் அளவுக்கு நுணுக்கமாகக் காட்டியவர்கள் குறைவு. இதைப் பிடித்துக்கொண்டால் அவருடைய எந்தப் படமும் புதிதாகத் தெரியும்.

ஆள் விவரம் சுருக்கமாக. பிறந்தது 1914, தாமிரபரணிக் கரையில் திருவைகுண்டம். சிறு வயதிலேயே நாடகத்துக்குப் போனவர். 1936இல் 'சதி லீலாவதி'யில் திரைக்கு வந்தார். எம்.ஜி.ஆர்., என்.எஸ். கிருஷ்ணன், எம்.கே. ராதா ஆகியோருக்கும் அதுவே முதல் படம். 1972இல் காலமாகும்வரை முப்பத்தாறு ஆண்டுகள் நடித்தார். பாட்டுக்காகவே படம் ஓடிய காலம், வசனத்துக்குக் கைதட்டல் விழுந்த காலம், கலர் படக் காலம் என மூன்று காலத்தையும் பார்த்தவர். மூன்றிலும் அவருக்கு வேலை இருந்தது. அவரோடு தொடங்கிய எத்தனையோ பேருக்கு அப்படி வாய்க்கவில்லை. பாட்டை நம்பி நின்ற பெரிய பெரிய நட்சத்திரங்களே ரசனை மாறியபோது ஒதுங்கவேண்டி வந்தது.

இனி மதுரைக்கு வருவோம். கேள்வியில் எனக்கு அதிகம் பேச ஆசையுள்ள இடம் இதுதான்.

பழைய நாடகக் கம்பெனிகளின் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். மதுரை தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா, மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி, மதுரை ஸ்ரீ பால ஷண்முகானந்த சபா, மதுரை தேவி பால விநோத சங்கீத சபா, மதுரை ஸ்ரீ பால கான சபா. எல்லாவற்றின் நெற்றியிலும் மதுரை. இதில் பல கம்பெனிகள் வருடம் முழுவதும் ஊர் ஊராகச் சுற்றியவை. பெயர்பெற்ற நாடகக்காரர்களான டி.கே.எஸ். சகோதரர்கள் 1925இல் பால ஷண்முகானந்த சபாவைத் தொடங்கியது திருவனந்தபுரத்தில். அப்போதும் பெயரில் மதுரையை விடவில்லை. நாடகம் என்றால் மதுரை என்று ஜனங்கள் மனதில் பதிந்திருந்தது. அந்தப் பெயர் நோட்டீசில் இருந்தால் கொட்டகைக்கு ஆள் வரும்.

அதற்குப் பின்னால் இருந்தவர்களில் முக்கியமானவர் சங்கரதாஸ் சுவாமிகள். தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்தவர். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி சபாவைத் தொடங்கி, சிறுவர்களை வைத்தே முழு நாடகம் நடத்திக் காட்டினார். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே சேர்ந்தது அந்த வருடம்தான். அந்தச் சகோதரர்களில் ஒருவரான சிறுவன் டி.கே. சண்முகத்துக்காக 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தைச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்த கதையைச் சண்முகம் அண்ணாச்சியே தம் நாடக வாழ்க்கை நினைவுகளில் பதிவு செய்திருக்கிறார். பாட்டும் வசனமுமாக, அச்சுக்கு அப்படியே அனுப்பலாம் என்கிற சுத்தத்தில் ஒரு ராத்திரியில் எழுதியிருக்கிறார். அப்படிப்பட்ட வாத்தியார்கள் இருந்த ஊர் இது.

பாய்ஸ் கம்பெனி என்பது பள்ளிக்கூடம், விடுதி, வேலை மூன்றும் ஒரே கூரையில். ஏழு, எட்டு வயதில் பையனைக் கொண்டுவந்து விடுவார்கள். சாப்பாடும் துணியும் கம்பெனிக் கணக்கு. விடிந்தால் பாட்டு, அப்புறம் வசனப் பாடம், ராத்திரி நாடகம். வாத்தியார் கையில் பிரம்பு இருக்கும், அடியும் விழும். அந்த வாழ்க்கையை நான் உயர்த்திப் பேச வரவில்லை. சின்னப் பிள்ளைகளை வைத்து நடத்திய தொழில் அது, கஷ்டப்பட்ட பையன்கள் அநேகம். ஆனால் அங்கே கிடைத்த பயிற்சி வேறு எங்கும் கிடைக்காதது என்பதும் உண்மை.

என்ன பயிற்சி? ஒரு பையன் தன் பாடத்தை மட்டும் நெட்டுருப் போட்டால் போதாது, அடுத்தவன் பாடமும் தெரிந்திருக்க வேண்டும். இன்றைக்கு ராஜபார்ட், அதாவது கதாநாயகன் வேடம், போடுகிறவனுக்குக் காய்ச்சல் வந்தால் நேற்று சேவகனாக நின்றவன் ஏறி நிற்பான். பெண் வேடமான ஸ்திரீபார்ட்டும் பையன்தான், திருடன் வேடமான கள்ளபார்ட்டும் பையன்தான், கோமாளியான பபூனும் பையன்தான். பதினான்கு, பதினைந்து வயதில் மகரக்கட்டு வந்து தொண்டை உடையும். நேற்றுவரை பாட்டுக்குக் கைதட்டல் வாங்கியவன் இன்றைக்குத் தொண்டையைத் திறந்தால் தகரம் கிழிகிற மாதிரி இருக்கும். சிலரை அத்தோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தாக்குப்பிடித்தவர்கள் வேறு பார்ட்டுக்கு மாறினார்கள். ராணியாக நின்றவன் அடுத்த வருடம் அதே ராணியை மிரட்டும் மந்திரி. ஒரே கதையை அவன் இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்தாயிற்று. பல வேடக்காரர்கள் உருவானது இப்படித்தான் என்று நான் நம்புகிறேன்.

அப்புறம் குரல். மைக் கிடையாது. கொட்டகையின் கடைசி வரிசையில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கும் கேட்கவேண்டும். கத்தினால் போதுமா என்றால் போதாது, ஒவ்வோர் எழுத்தும் உடையாமல் போய்ச் சேரவேண்டும். பாலையா பேசும்போது சொல்லின் கடைசி எழுத்தைக்கூட விழுங்கமாட்டார், கவனித்துப் பாருங்கள். கிசுகிசுத்தாலும் தெளிவாகக் கேட்கும். சிவாஜி, எம்.ஆர். ராதா, நம்பியார், எஸ்.எஸ். ராஜேந்திரன் என்று மேடையிலிருந்து வந்த எல்லாரிடமும் இந்தத் தெளிவைப் பார்க்கலாம். எஸ்.எஸ்.ஆர். நம் சேடபட்டிக்காரர், டி.கே.எஸ். கம்பெனி வளர்ப்பு.

இன்னொன்று இருக்கிறது. அதை ஏட்டில் படிப்பதைவிட நேரில் பார்ப்பது நல்லது. மதுரையைச் சுற்றி மேலூர், உசிலம்பட்டி, சிவகங்கைப் பக்கமெல்லாம் திருவிழாவுக்கு ஸ்பெஷல் நாடகம் இன்றும் நடக்கிறது. நடிகர்களைத் தனித்தனியாகப் பேசி அழைத்துவருவார்கள். ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் ஓர் ஊர். ஒத்திகை கிடையாது. மாலையில் வந்து இறங்கி, அரிதாரம் பூசி, ராத்திரி பத்து மணிவாக்கில் மேடை ஏறினால் விடியும்வரை நடக்கும். பெரும்பாலும் வள்ளி திருமணம்தான். அதில் நாரதருக்கும் வள்ளிக்கும் தர்க்கம் என்று ஒரு பகுதி வரும். கேள்வி, பதில், மடக்கு, எதிர்மடக்கு என்று மணிக்கணக்கில் போகும். எதிராளி என்ன கேட்பான் என்று முன்கூட்டித் தெரியாது. நான் பார்த்த ஒரு நாடகத்தில், வள்ளியாக வந்த அம்மா கேள்வி கேட்டுவிட்டு மேலே தொங்கும் மைக்கைவிட்டு ஓர் எட்டு பின்னால் போய், கையைக் கட்டிக்கொண்டு, நாரதர் முகத்தையே பார்த்தபடி நின்றார். அவர் பாட்டுக்கு நின்றதற்கே சனங்கள் சிரித்தார்கள். நாரதர் பதிலைத் தேடுகிறார் என்பதை அந்தப் பார்வையே ஊருக்குச் சொல்லிவிட்டது. ஆர்மோனியக்காரர் பெட்டியில் ஒரு சுரத்தை மட்டும் பிடித்து வைத்திருந்தார். பேசாத நேரத்திலும் நடிப்பது என்றால் இதுதான். எதிராளியைக் கேட்கத் தெரியாதவன் அந்த மேடையில் அரைமணி நேரம் நிற்க முடியாது.

பாலையாவிடம் இருந்த பெரிய சொத்து இந்தக் கேட்கும் திறமைதான். இதை மனதில் வைத்துக்கொண்டு படங்களுக்குப் போவோம்.

'சதி லீலாவதி'யில் அவருக்குக் கெட்ட நண்பன் வேடம். நல்லவன் போலக் கூட இருந்து, எம்.கே. ராதாவைக் குடிக்கப் பழக்கிக் குடும்பத்தைக் கெடுப்பவன். அடுத்த வருடம் 'அம்பிகாபதி'யில் ருத்ரசேனன். தியாகராஜ பாகவதரோடு வாள் சண்டை போடும் வேடம். இரண்டையும் இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர், தமிழ் தெரியாதவர். இந்தக் காலத்துப் படங்களில் பாலையாவிடம் மேடை நாற்றம் கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும். கேமரா பக்கத்தில் இருக்கிறது, இத்தனை அழுத்தம் வேண்டாம் என்பது அன்று யாருக்குமே பிடிபட்டிருக்கவில்லை. அதை அவர் குறை என்று சொல்வது நியாயமில்லை.

அவர் எனக்கு முழு நடிகராகத் தெரிய ஆரம்பிப்பது 1949இல் வந்த 'வேலைக்காரி'யில். அண்ணாவின் கதை வசனம். அப்பாவின் சாவுக்குக் காரணமான ஜமீன்தார் மேல் கத்தியோடு பாயத் துடிக்கிறான் ஆனந்தன், அதாவது கே.ஆர். ராமசாமி. அவனைத் தடுக்கும் நண்பன் மணிதான் பாலையா. கத்தியைத் தீட்டாதே, புத்தியைத் தீட்டு என்று அவர் சொன்ன வசனம் மேடைமேடையாகப் போயிற்று. அது நெருப்பாகக் கக்கவேண்டிய வசனம். ராமசாமி கொதிக்கிற இடத்தில் பாலையாவும் சேர்ந்து கொதித்திருந்தால் இரண்டு பேரும் கத்தியதாகத்தான் முடிந்திருக்கும். அவர் தணிந்து, அண்ணன் தம்பிக்குச் சொல்கிற மாதிரி, ஊர் உலகம் பார்த்தவனின் நிதானத்தோடு சொல்கிறார். அதனால்தான் அது நெஞ்சில் நின்றது. அப்புறம் அதே ஆனந்தன் பணக்காரன் வேடம் போடும்போது, கூடவே காரியதரிசியாகப் பணிந்து நிற்பவரும் இந்த மணிதான். ஆளில்லாத நேரத்தில் தோளில் கை போடும் நண்பன், ஆள் வந்ததும் கைகட்டும் ஊழியன். நான் சொன்ன ஏற்ற இறக்க வித்தை இங்கேயே வந்துவிட்டது.

1954இல் 'தூக்குத் தூக்கி'. பழைய மேடை நாடகத்திலிருந்து வந்த கதை. அதில் வடநாட்டு சேட்டாக வந்து "நம்பள்கி, நிம்பள்கி" என்று பேசுவார். மறுபக்கம் இளவரசன் மனைவியோடு கள்ள உறவு. சிரிப்பும் அருவருப்பும் ஒரே உருவத்தில். இந்த மாதிரி வேடம் சுலபமாகக் கேலிப்படம் ஆகிவிடும். பாலையாவின் சேட்டு சிரிக்க வைத்தாலும் அந்த ஆள்மேல் நமக்கு ஒரு பயம் இருந்துகொண்டே இருக்கும். 1956இல் 'மதுரை வீரன்'. பொம்மியை மணக்கத் துடிக்கும் நரசப்பன் வேடம். எம்.ஜி.ஆருக்கு எதிரே நிற்கும் வில்லன், ஆனாலும் கோழை. அந்தக் கோழைத்தனத்தை மறைக்க அவர் காட்டும் மிடுக்கைப் பார்த்தே கொட்டகை சிரிக்கும். நம் ஊர்க் கதை என்பதால் மதுரைப் பக்கம் அந்தப் படத்துக்கு எப்போதுமே தனி மவுசு.

1959இல் 'பாகப்பிரிவினை'யில் அவரும் எஸ்.வி. சுப்பையாவும் சகோதரர்கள். கூட்டுக்குடும்பம் உடைகிற கதை. இதில் அவர் சிரிக்க வைக்கவில்லை. வில்லத்தனமும் இல்லை. குணச்சித்திரம் என்று சொல்லும் வகை. அவரை வில்லன் என்று மட்டும் நினைப்பவர்கள் பார்க்கவேண்டிய படம் இது.

அடுத்து 1964, 'காதலிக்க நேரமில்லை'. ஸ்ரீதர் இயக்கிய கலர் படம். பாலையா எஸ்டேட் முதலாளி விஸ்வநாதன். மகன் செல்லப்பாவாக நாகேஷ், 'ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்' என்று போர்டு மாட்டிக்கொண்டு படம் எடுக்க அப்பாவிடம் பணம் கேட்டுத் திரிபவன். செல்லப்பா அப்பாவுக்குக் கதை சொல்லும் காட்சியைத் தெரியாத தமிழர் இருக்கமாட்டார்கள். பேய்க்கதை. நாகேஷ் கதவு கிறீச்சிடுவது முதல் எல்லாச் சத்தத்தையும் வாயாலேயே போடுவார்.

அந்தக் காட்சியை இன்னொரு தடவை போட்டு, நாகேஷை விட்டுவிட்டு பாலையாவை மட்டும் பாருங்கள். அவருக்கு வசனம் கிட்டத்தட்ட இல்லை. ஆரம்பத்தில், பையன் என்னத்தைச் சொல்லப்போகிறான் என்ற முதலாளி அலட்சியம். கொஞ்ச நேரத்தில் கழுத்து லேசாக முன்னால் வரும். கண் விரியும். பயப்படுகிறோம் என்று பையனுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று ஒரு சமாளிப்பு வரும். பிறகு அதுவும் போய், எஸ்டேட்டும் இல்லை, முதலாளியும் இல்லை, இருட்டைக் கண்டு பயந்த ஒரு மனிதர் மட்டும் உட்கார்ந்திருப்பார். நாகேஷ் மகா கலைஞர், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் கதை பயங்கரமானது என்று நம்மை நம்ப வைப்பது பாலையாவின் முகம்தான். அவர் பயப்படாவிட்டால் நாகேஷ் போடுவது வெறும் சத்தம். ஸ்பெஷல் நாடகத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற அந்த வள்ளியைச் சொன்னேனே, இதுவும் அந்த வகைதான்.

அதே படத்தில் இன்னோர் இடம். எஸ்டேட் வேலையிலிருந்து துரத்தப்பட்ட அசோக் என்ற இளைஞன், ரவிச்சந்திரன், பங்களாவுக்கு எதிரே கூடாரம் போட்டுக் கோஷம் எழுப்புகிறான். விஸ்வநாதனுக்கு அவன் ஒரு தூசி. பிறகு கோடீஸ்வரர் சிதம்பரம் என்று வேடம் போட்டு முத்துராமன் வருகிறார், அசோக் தன் மகன் என்கிறார். அப்போது பாலையா கேட்பார்: "அசோகர் உங்க மகருங்களா?" அறுபது வருடம் தாண்டியும் மதுரை டீக்கடையில் இந்த வசனத்தைச் சொன்னால் சிரிப்பு வரும். வசனத்தை மட்டும் சொன்னால் பாதி சிரிப்புதான். மீதி அந்த முதுகில் இருக்கிறது. முதலாளியாக விறைத்திருந்த முதுகு, கோடி ரூபாய் என்ற நினைப்பில் தானாக வளைகிறது. குரல் மெலிகிறது. கை எங்கே வைப்பதென்று தெரியாமல் அலைகிறது. இது எல்லாம் இரண்டு விநாடியில் நடக்கும். பணத்துக்குக் குனியும் மனிதனைக் கேலி செய்து ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்தாலும் இவ்வளவு புரியாது. அதே சமயம் அவர்மேல் நமக்கு வெறுப்பும் வராது. பெண்ணைப் பெற்ற தகப்பனின் ஆசையும் அந்தக் குனிவில் இருக்கிறது.

1965இல் 'திருவிளையாடல்'. தம்பி பார்த்த படம் என்பதால் விரிவாகவே சொல்கிறேன். இது முழுக்க நம் ஊர்க் கதை. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் வரும் விறகு விற்ற படலம். ஆவணி மூலத் திருவிழாவில் மீனாட்சி அம்மன் கோயிலில் விறகு விற்ற லீலை இன்றும் வருடாவருடம் நடக்கிறது. வடக்கிலிருந்து ஏமநாத பாகவதர் வருகிறார், தன்னை வெல்லப் பாண்டிய நாட்டில் பாடகன் உண்டா என்று சவால் விடுகிறார், பாணபத்திரர் கலங்குகிறார், சொக்கநாதரே விறகுவெட்டியாக வந்து பாடி அவரைத் துரத்துகிறார். கதை மதுரைக்காரர் எல்லாருக்கும் தெரியும். முடிவு தெரிந்த கதையில் சவால் விடுபவனை நடிப்பது கஷ்டம். தோற்கப்போகிறவன் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தும், இவனை யார் ஜெயிப்பார் என்ற கவலையை உண்டாக்க வேண்டும்.

அந்தப் படத்தின் பின்னணியைச் சொன்னால் நாடக மேடையின் ஆட்சி விளங்கும். இயக்குநர் ஏ.பி. நாகராஜன் டி.கே.எஸ். கம்பெனியில் ஸ்திரீபார்ட் போட்டு வளர்ந்தவர். சிவனாக வரும் சிவாஜி, பால கான சபாவின் பையன். பாணபத்திரராக வரும் டி.ஆர். மகாலிங்கம் சோழவந்தான் பக்கம் தென்கரைக்காரர், சிறுவயதில் மேடையில் பாடி வளர்ந்தவர். இவர்களுக்கு நடுவில் பாலையா.

அரசவையில் ஏமநாதர் பாடும் பாட்டுக்குக் குரல் பாலமுரளிகிருஷ்ணா. மாண்டு ராகத்தில் தொடங்கி, தோடி, தர்பார், மோகனம், கானடா என்று பாட்டிலேயே ராகப் பெயர் வர, அந்தந்த ராகத்துக்குத் தாவும். வாயசைப்பு என்பது சாதாரண விஷயம் இல்லை. சங்கதி, அதாவது ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் நுணுக்கம், எங்கே சுழல்கிறதோ அங்கே தாடையும் தொண்டையும் சுழலவேண்டும். பாலையா அதைச் செய்கிறார். அதற்கு மேலும் ஒன்று செய்கிறார். ஒரு சங்கதி முடிந்ததும் பாட்டை விட்டுவிட்டுச் சபையைப் பார்ப்பார். கேட்டீர்களா, இதற்கு உங்களிடம் பதில் இருக்கிறதா என்பது போல. அந்தப் பார்வையில் வித்துவத்துவமும் இருக்கிறது, திமிரும் இருக்கிறது. வித்துவத்துவம் மெய்யானது என்பதால் திமிர் இன்னும் உறுத்துகிறது. அரைகுறை பாடகன் அகங்காரம் காட்டினால் சிரித்துவிட்டுப் போய்விடுவோம். இவர் உண்மையிலேயே பாடுகிறாரே என்பதுதான் பாண்டியன் சபைக்கு வந்த சங்கடம்.

அதே மனிதர் ராத்திரியில் விறகுவெட்டியின் பாட்டைக் கேட்கிறார். இங்கும் அவர் வேலை கேட்பது மட்டும்தான். முதலில் தூக்கம் கலைந்த எரிச்சல். பிறகு காது கூர்மையாகிறது. இசை தெரிந்தவனுக்கு மட்டும் வரும் திகைப்பு அது. ரசிகனின் மயக்கமாக அவர் அதைக் காட்டவில்லை. தன் கணக்கு முழுவதும் தவறிப்போய்விட்டது என்று உணரும் நிபுணரின் கலக்கமாகக் காட்டுகிறார். பாணபத்திரர் தன்னைச் சீடனாகக்கூடச் சேர்த்துக்கொள்ளவில்லை என்று அந்த விறகுவெட்டி சொல்லும்போது பாலையாவின் முகத்தைப் பாருங்கள். சபையில் அத்தனை அகலமாக இருந்த முகம் சுருங்கிப்போயிருக்கும். தருமி காட்சியைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள், பேசட்டும், அது அதற்குத் தகுதியானதுதான். ஆனால் ஒரு பாத்திரம் உச்சியிலிருந்து தரைக்கு இறங்கும் முழு வட்டம் அந்தப் படத்தில் ஏமநாதருக்குத்தான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். கோயில் திருவிழாவில் தெருவில் திரை கட்டி இந்தப் படம் போடும்போது, ஏமநாதர் ஊரைவிட்டுக் கிளம்பும் இடத்தில் பெரியவர்கள் சிலர் "பாவம்யா, வித்துவான்" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். வில்லனுக்குப் பாவம் சொல்ல வைத்தவர் அவர்.

1968இல் 'தில்லானா மோகனாம்பாள்'. சிவாஜியின் சண்முகசுந்தரம் நாதஸ்வரம், பாலையாவின் முத்துராக்கு தவில். படத்தில் ஒலிக்கும் நாதஸ்வரம் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்தது. மேளக்காரர் குழுவில் தவில்காரரின் இடம் நுணுக்கமானது. பேர் நாதஸ்வரத்துக்குப் போகும், ஆனால் தவில் இல்லாமல் கச்சேரி இல்லை. வயதில் மூத்தவர், ஆனால் குழுத் தலைவர் இளையவர். முத்துராக்கு சண்முகசுந்தரத்தைக் கண்டிக்கவும் செய்வார், அவர் கோபத்துக்கு அடங்கவும் செய்வார். இரண்டும் ஒரே மூச்சில் வரும். மேளக்காரர்களோடு பழகியவர்களுக்கு அந்த உறவு எவ்வளவு சரியாக வந்திருக்கிறது என்று தெரியும். வாசிக்கும்போது அவர் கண் சிவாஜியின் மேலேயே இருக்கும். நிஜத் தவில்காரர் அப்படித்தான் பார்ப்பார்.

இதற்கு நடுவில் 1967இல் கே. பாலசந்தரின் 'பாமா விஜயம்'. மேஜர் சுந்தரராஜன், முத்துராமன், நாகேஷ் மூவருக்கும் அப்பா. நடிகை ஒருத்தி பக்கத்து வீட்டுக்கு வந்ததும் மகன்களும் மருமகள்களும் வரவுக்கு மீறி ஆடுவதைப் பார்த்துத் தவிக்கும் குடும்பத் தலைவர். அதே வருடம் 'ஊட்டி வரை உறவு'. இந்த அப்பா வேடங்கள் அம்மாக்கள் மனதில் அவரை நிறுத்தின. எல்லாமே ஒரே தரம் என்று சொல்லமாட்டேன். கடைசிக் காலத்தில், ஏற்கெனவே வெற்றிபெற்ற பாலையாவையே திரும்பக் கேட்ட படங்களும் உண்டு. அவற்றில் அவரிடம் புதிதாக ஒன்றும் வாங்கிக்கொள்ளவில்லை.

தம்பியின் குழுவுக்கு உபயோகப்படுகிற மாதிரி ஒன்று. பாலையாவின் குரலைப் பின்பற்ற முயற்சி செய்யாதீர்கள். இழுத்துப் பேசும் அந்தப் பாணி அவர் உடம்புக்கு உரியது, மற்றவர் செய்தால் மிமிக்ரிதான். எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. ஒத்திகையில் உங்கள் வசனத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இந்தக் காட்சியில் எனக்கு மேலே யார், கீழே யார், அது எந்த இடத்தில் தலைகீழாகிறது என்று முதலில் கேளுங்கள். அந்த இடத்தில் முதுகும் கையும் குரலும் என்ன ஆகும் என்று செய்து பாருங்கள். அடுத்தவர் வசனம் பேசும்போது உங்கள் முகம் என்ன செய்கிறது என்று ஒருவரை எதிரே உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். முடிந்தால் ஒரு வாரம் வேடங்களை மாற்றிப் போட்டு ஒத்திகை நடத்துங்கள். பாய்ஸ் கம்பெனியில் கட்டாயத்தால் நடந்ததை நீங்கள் விரும்பிச் செய்யலாம்.

பார்க்கும் வரிசை கேட்டீர்கள். 'காதலிக்க நேரமில்லை'யில் தொடங்குங்கள். அடுத்து 'திருவிளையாடல்' ஏமநாதர் பகுதி, ஆனால் இந்தத் தடவை அவர் பேசாத ஷாட்டுகளை மட்டும் கவனியுங்கள். மூன்றாவது 'தூக்குத் தூக்கி', நான்காவது 'பாகப்பிரிவினை'. இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரே ஆளா என்று கேட்பீர்கள். பிறகு 'தில்லானா', கடைசியாக 'வேலைக்காரி'. பழைய படத்தின் வேகம் பழகிய பிறகு பார்த்தால்தான் அதில் அவர் காட்டிய அடக்கம் கண்ணில் படும். பங்குனி, சித்திரையில் மேலூர்ப் பக்கம் நாடக நோட்டீஸ் ஒட்டியிருந்தால் குழுவோடு ஒரு ராத்திரி போய் உட்காருங்கள். பபூன் முடிந்ததும் எழுந்து வந்துவிடாதீர்கள். தர்க்கம் நள்ளிரவுக்கு மேல்தான் சூடு பிடிக்கும்.